செட்டைக்குக் கீழே இரண்டு

வயிறு தெரிகிறது, சாம்பல் நிற வயிறு, அதன் நடுவில் நான்கு, இரண்டு செட்டைகளுக்கும் கீழே ஒவ்வொன்று, மொத்தம் ஆறு, அவன் சீமெந்துத் தரையில் மல்லாந்து கிடக்கிறான், வலது கையை முழுநீளத்துக்கு உயர்த்தி அந்தச் சின்ன விமானத்தைத் தன் முகத்துக்கு நேர் மேலே பிடித்திருக்கிறான், மணிக்கட்டை மெல்லச் சரித்தால் மூக்கு கீழே வருகிறது, அது குத்திட்டு இறங்கியபோது இப்படித்தான் இறங்கியது, முதலில் சத்தம் இல்லை, வயிறுதான் வந்தது, சத்தம் அதற்குப் பின்னால் ஓடி வந்தது. ஸ்காபரோவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மேலே அண்ணன் ஆட்டிறைச்சி காய்ச்சுகிற மணம் படிவழியே பேஸ்மென்டுக்குள் இறங்குகிறது, ஐம்பது வயது மனிதன் ஒருவன் நிலத்தில் கிடந்து பிளாஸ்டிக் விமானம் ஓட்டுகிறான் என்று கண்டவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும், அவன் ஓட்டவில்லை, கீழேயிருந்து பார்க்கிறான். கிபிர் என்கிற இந்தக் குண்டுவீச்சு விமானத்தை மேலேயிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்த்து எழுதிய புத்தகங்கள் அவனுடைய அலுமாரியில் பதினொன்று இருக்கின்றன, அவற்றில் ஒன்றிலும் இந்தப் பார்வை இல்லை, பங்கர் வாசலில் குந்தியிருந்தவன் கண்ட பார்வை. நடுவில் உள்ள நான்கைப் பற்றி அவனுக்குச் சந்தேகம் இல்லை. செட்டைக்குக் கீழே தொங்கும் இரண்டைப் பற்றியும் வியாழக்கிழமையிலிருந்து சந்தேகம் இல்லை, அதை அண்ணனுக்குச் சொல்ல வேண்டும் என்பதுதான் மிச்சம், சொன்னால் இந்த உலகத்தில் அவனுக்கென்று இருக்கிற ஒரேயொரு ஆளும் இல்லாமல் போகும்.

அடுத்த சனிக்கிழமை கழகத்தின் காட்சி. மொடல் விமானம் கட்டுகிறவர்களின் கழகம் என்றதும் பொழுதுபோகாத அப்பாவிகளின் கூட்டம் என்று எண்ணிவிடக்கூடாது, பொல்லாத மனிதர்கள், சாம்பல் நிறத்தில் எத்தனை வகை என்று இரண்டு மணித்தியாலம் கத்துவார்கள், ஒருமுறை ஒருவர் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பிப்போய் ஆறு மாதம் முகம் காட்டவில்லை, ஆனால் நிறம் பிழைத்தாலும் ஒருவாறு மன்னிப்பார்கள், செட்டைக்குக் கீழே தொங்குவது பிழைத்தால் மன்னிப்பே கிடையாது. பெட்டிக்குள் எல்லாம் போட்டுத்தான் விற்கிறார்கள், குண்டு, ரொக்கெட், ஏவுகணை, எண்ணெய்த் தாங்கி, புதிதாக வருகிறவர்கள் கல்யாண வீட்டுப் பந்தியில் குந்தினவர்கள் மாதிரி எல்லாவற்றையும் எடுத்துக் கொழுவிக்கொண்டு வருவார்கள், நடுவர்கள் குனிந்து பார்த்துவிட்டு ஒரு கேள்விதான் கேட்பார்கள், எந்த நாள்? எந்த நாளில் எந்த வேலைக்குப் புறப்பட்டது என்று தெரிந்தால்தான் என்னத்தைக் காவிக்கொண்டு போனது என்று தெரியும், நாள் இல்லாத விமானம் விளையாட்டுச் சாமான். பன்னிரண்டு வருடத்தில் அவன் இருபத்துமூன்று விமானங்கள் கட்டிவிட்டான், இருபத்துமூன்றுக்கும் யாருடையவோ நாட்கள், யாருடையவோ பாலைவனங்கள், எரிந்த பாலங்கள், ஆதாரக் கோப்பில் படத்தை ஒட்டிவைத்துவிட்டு நிம்மதியாகப் பசை பூசலாம், செத்தவர்களை அவனுக்குத் தெரியாது. கிபிரை மட்டும் தொடவில்லை. அந்தப் பெட்டி அலுமாரியின் அடித்தட்டில் எட்டு வருடம் உடைக்காமல் கிடந்தது, இந்த வைகாசியில் என்ன பேய் பிடித்ததோ, எடுத்து உடைத்தான், நாற்பத்தெட்டில் ஒரு பங்கு அளவு, உடல் ஒட்டினான், செட்டை ஒட்டினான், வயிற்றில் சின்னக் குண்டுகள் நான்கு ஒட்டினான், நாள் இருந்தது, இருபத்தாறு வருடமாக அவனிடம் ஒரு நாள் இருந்தது, படம்தான் இல்லை. கோப்பில் வைக்க ஒன்றும் இல்லாதபடியால் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துத் தானே கீறினான், கண்ணை மூடிக்கொண்டு, பங்கர் வாசலில் இருந்து கண்டது கண்டபடி.

அந்தத் தாளைத்தான் வியாழன் பின்னேரக் கூட்டத்தில் வாரன் பார்த்தார். வாரனுக்கு எழுபது வயது, வேலை செய்த காலம் முழுவதும் விமானங்களுக்குக் குண்டு ஏற்றியவர், எந்தச் சண்டைக்கு ஏற்றினீர்கள் என்று இவன் கேட்டதில்லை, எந்தச் சண்டையிலிருந்து ஓடிவந்தாய் என்று அவரும் கேட்டதில்லை, அதனால் இருவரும் நல்ல சிநேகிதம். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தாளைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனவர், அச்சாவாகக் கீறியிருக்கிறாய், ஆனால் இதில் எண்ணெய்த் தாங்கி என்று எழுதியிருக்கிறாய், கீறியிருப்பது குண்டு, என்றார். இல்லை, செட்டையில் இருந்தது தாங்கி, என்றான் அவன். வாரன் பென்சிலின் பின்பக்கத்தால் தட்டிக் காட்டினார், வால் பக்கத்தைப் பார், நாலு செதில் தகடு, பெருக்கல் குறி போட்ட மாதிரி, அதோடு நீளமும் குறைவு, தாங்கி என்றால் இன்னும் இவ்வளவு நீளும், செதிலும் இப்படி நிற்காது, இது குண்டு, வயிற்றில் இருக்கிறதைப்போல நாலு மடங்கு நிறை, இது ஒன்று விழுந்தால் ஒரு வீடும் அதற்கடுத்த வீடும் இருக்காது. கீறும்போது பிழைத்திருக்கும் என்று அவன் சொன்னான். இரண்டிலும் கீறியிருக்கிறாயே, என்றார் வாரன் சாதாரணமாக, பிறகு கோப்பியைக் குடித்துவிட்டு, மூக்கில் மஞ்சள் வளையம் போட மறந்துவிடாதே, உயிருள்ள குண்டு என்று ஏற்றுகிறவனுக்குத் தெரியத்தான் அந்த வளையம், என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். அவன் அந்தக் கதிரையிலேயே இருந்தான். நாலு செதில், இரண்டு பக்கமும், அவனுடைய கண் அதைக் கண்டிருக்கிறது, அன்றைக்கே கண்டிருக்கிறது, வாய்தான் வேறொன்று சொல்லியிருக்கிறது.

வாய் அப்போது பெரிய வாய். யாழ்ப்பாணத்தை விட்டு ஓடிவந்து வன்னியில் குளக்கட்டுக்குக் கீழே கொட்டில் போட்டிருந்த நாற்பது குடும்பங்களுக்கும் அவன்தான் இஞ்சினியர், உண்மையில் உழவு இயந்திரம் திருத்துகிற கராச்சில் எடுபிடியிலிருந்து ஒரு படி ஏறியவன், இருபத்துநாலு வயது, நெஞ்சு நிமிர்த்தின நடை. கிபிர் வந்தால் எண்ண வேண்டும், அது அங்கே எல்லோருக்கும் தெரிந்த கணக்கு, வயிற்றில் எத்தனை தொங்குகிறது என்று அது தாழப் பதிகிறபோது பார்த்துக்கொள்ள வேண்டும், பிறகு பங்கருக்குள் இருந்து வெடிக்கிறதை எண்ண வேண்டும், நாலு தொங்கி நாலும் வெடித்துவிட்டால் அந்தப் பிளேன் வெறும் பிளேன், வெளியில் வரலாம், எரிகிற கொட்டிலை அணைக்கலாம், குழறுகிற ஆளைத் தூக்கலாம். சாகப்போகிற சனம் இப்படி விரல்விட்டு எண்ணிக்கொண்டு இருந்தது, அப்போது அதில் ஒரு உசார் இருந்தது, சந்தையடியில் விழுந்த நாளில் இறைச்சிக்கடைக்காரரின் உடம்பு எது, தொங்கவிட்டிருந்த இறைச்சி எது என்று பிரிக்க முடியாமல் இரண்டையும் ஒரே உரப்பைக்குள் போட்டுவிட்டு வந்து குளித்து, பின்னேரம் அதே விரல்களால் கொப்பியில் கிபிரைக் கீறினான், அதுதான் இளந்தாரி வயதின் கேவலம். செட்டைக்குக் கீழே தொங்குகிறதையும் சேர்த்து எண்ணிவிட்டு ஒரு நாள் சனம் மூன்று மணித்தியாலம் பங்கருக்குள் கிடந்து அவிந்தது, இரண்டு கிழடுகள் மயங்கிவிட்டன, அவன்தான் விளக்கம் சொன்னான், செட்டையில இருக்கிறது குண்டில்லை, எண்ணெய்த் தாங்கி, தூரப் பயணத்துக்குக் காவுறது, அதை எண்ணாதேங்கோ. அன்றிலிருந்து அவனுக்கு மவுசு. கிபிர் வந்து போனால் நாலு பங்கருக்குள்ளிருந்து நாலு குரல் கேட்கும், கேதீஸ், முடிஞ்சுதோ? முடிஞ்சுது, வாங்கோ. அந்த வாங்கோவைச் சொல்கிறபோது அவனுக்குள் ஏறிய பெருமையை இப்போது யாராவது கையில் தந்தால் நிலத்தில் போட்டு மிதிப்பான்.

அன்றைக்குக் காலமை மழை விட்டு வெயில், பங்கருக்குள் முழங்கால் தண்ணி, அண்ணன் விடியவே சைக்கிளில் சங்கக்கடை வேலைக்குப் போய்விட்டார், பத்து மணியிருக்கும், வண்டு சுற்றுகிற இரைச்சல் கேட்கிறது, வேவு பார்க்கிற அந்தச் சின்ன விமானச் சனியன் சுற்றினால் பின்னால் கிபிர் வரும், அண்ணி இந்துமதி தோசைக் கல்லை அப்படியே அடுப்பில் விட்டுவிட்டுத் தர்சியை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறாள், பக்கத்துக் கொட்டில் பூரணத்தக்கா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால், அவன் கடைசியாக இறங்கி வாசலில் குந்துகிறான், வாசல் அவனுடைய இடம். தர்சிக்கு நாலரை வயது, இழுப்புக்காரி, பங்கரின் புழுக்கத்தில் நெஞ்சு விசில் அடிக்கத் தொடங்கிவிட்டது, சித்தப்பா, மூச்சு வருதில்லை, என்கிறாள், இப்ப முடிஞ்சிடும் குஞ்சு, என்கிறான், அதற்குள் வயிறு வருகிறது, சாம்பல் வயிறு, நடுவில் நான்கு, செட்டைக்குக் கீழே ஒவ்வொன்று, வெயில் செட்டையில் தொங்குகிறதன் வாலில் பட்டு நான்கு கூர்கள் மினுங்குகின்றன, அவன் பார்க்கிறான், பார்த்துக்கொண்டே தலையை உள்ளே இழுக்கிறான். ஒன்று. காதுக்குள் கத்தியை விட்ட மாதிரி, பங்கரின் மேல்மரக் குற்றிகள் குதிக்கின்றன, மண் கொட்டுகிறது, பூரணத்தக்கா பிள்ளையாரே பிள்ளையாரே என்று மண்சுவரை அடிக்கிறார். இரண்டு. முடிஞ்சுதோ தம்பி, என்று அண்ணி கேட்கிறாள், பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டு, இன்னும் ரெண்டு கிடக்கு அண்ணி, இருங்கோ. மூன்று, தூரத்தில், யாரோ ஒரு ஆம்பிளை மாடு மாதிரிக் கத்துகிறான், கத்தினது நடுவில் நின்றுவிடுகிறது. நான்கு.

முடிஞ்சுதோ தம்பி, என்று இரண்டாம் முறையும் கேட்கிறாள். முடிஞ்சுது அண்ணி. பிள்ளையின் உதடு நீலம் பாரித்துவிட்டது, கண் மேலே செருகுகிறது, எந்தத் தாயும் அந்த நேரம் பாய்ந்து ஏறியிருப்பாள், அண்ணி ஏறவில்லை, வாசல்படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்று மூன்றாம் முறையும் கேட்டாள், நல்லா எண்ணினீரோ, செட்டையிலயும் ரெண்டு தொங்குது எண்டு பூரணத்தக்கா சொல்லுறா. அவன் சிரித்தான். சிரித்தது ஞாபகம் இருக்கிறது, வாய்க்குள் மண் கடித்ததும் ஞாபகம் இருக்கிறது, அது எண்ணெய்த் தாங்கி அண்ணி, அது விழாது, நீங்கள் பிள்ளையக் கொண்டு ஏறுங்கோ. அவள் ஏறினாள். அவன் அவளுக்கு வழிவிட்டு உள்ளே தள்ளிநின்றான், பூரணத்தக்காவுக்குக் கை கொடுக்கத் திரும்பினான், அந்தத் திரும்பலில்தான் அவனுடைய உயிர் தப்பியது, சத்தம் திரும்பி வருவதைக் கேட்டான், அண்ணி, என்று குழறினான், அவள் புளியமரத்தடிக்கு ஓடினாளா, பங்கருக்குத் திரும்பி ஓடிவந்தாளா, தெரியாது, வெளிச்சம்தான் வந்தது, வெளிச்சத்துக்குப் பிறகு நிலம் தன் இடத்தை விட்டு எழும்பி அவனை அடித்தது.

வெளியில் வந்தபோது கொட்டில் இல்லை, புளியமரம் இல்லை, அந்த இடத்தில் குண்டு தோண்டிய கிடங்கு ஒரு கேணி அளவுக்கு, குளத்துப் பக்கம் அதைப்போல இன்னொன்று, மற்ற நான்கு கிடங்குக்குள்ளும் ஒரு மாடு படுக்கலாம், இதற்குள் ஒரு வீட்டை இறக்கலாம், இஞ்சினியருக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும். அண்ணியைக் கண்டான். இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை, கைகள் இரண்டும் நெஞ்சோடு மடித்தபடி பிள்ளையைக் காவுகிற வாக்கிலேயே இறுகிப்போயிருந்தன, கைகளுக்குள் பிள்ளை இல்லை. தர்சி பதினைந்து அடி தள்ளிக் கிடந்தாள், உடம்பில் ஒரு கீறல் இல்லை, சட்டை கசங்கவில்லை, வாய் நிறைய மண், அவன் விரலை விட்டுத் தோண்டித் தோண்டி எடுத்தான், எடுக்க எடுக்க மண், மூச்சு விடு குஞ்சு, மூச்சு விடு, என்று கத்திக்கொண்டு எடுத்தான், அந்த விரலால்தான் இப்போது மூன்று மயிர்த் தூரிகையைப் பிடித்து மஞ்சள் வளையம் போட்டுவிட்டு வந்து கிடக்கிறான். மத்தியானம் அண்ணன் வந்தார், சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்தவர் அழவில்லை, பங்கரைப் பார்த்தார், அது அப்படியே இருந்தது, ஒரு குற்றிகூட விழவில்லை, பங்கருக்குள்ள இருந்திருந்தால் ரெண்டு பேரும் இருந்திருப்பினமே, ஆர் வெளியில வரச் சொன்னது, என்று கேட்டார். அவன் வாயைத் திறந்தான். பூரணத்தக்கா முந்திவிட்டார், பிள்ளைக்கு இழுப்பு, இந்துமதி பொறுக்கேலாமல் ஏறிட்டாள் ராசா, தம்பி மறிச்சவன், கேட்கேல்லை. ஒருவரும் கேளாமல், ஒரு தாய் மாதிரி அந்த மனுசி அவனுக்கு அந்தப் பொய்யைத் தந்தார், அண்ணன் தம்பி இரண்டு பேரும்தான் மிச்சம், அதுவும் இல்லாமல் போகக்கூடாது என்று நினைத்திருப்பார். அவன் வாயை மூடினான். அந்த மனுசியும் பிறகு ஒரு எறிகணைச் செல்லடியில் போய்ச் சேர்ந்துவிட்டார், பொய்க்கு ஒரே சொந்தக்காரனாக அவன் நின்றான், இரண்டாவதாக இன்னொரு கிபிர் வந்தது, அதை ஒருவரும் எண்ணியிருக்க முடியாது, என்று தனக்குத் தானே இன்னொன்றையும் கட்டி அதன்மேல் வைத்தான்.

அவளைக் கொன்றது ஒரு தரம் நடந்தது, அதற்குப் பிறகு நடந்ததை அவன் இருபத்தாறு வருடம் பக்கத்தில் இருந்து கேட்டான். சுடலையில் தொடங்கினார் அண்ணன், அரை மணித்தியாலம் பொறுக்கேலாமல் போச்சே இவளுக்கு. கொழும்பு லொட்ஜில் சொன்னார், பிளேனுக்குள் சொன்னார், கனடா வந்து இந்த வீட்டில் இருவரும் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு கிடக்கிற இந்தக் காலமெல்லாம் சொல்கிறார், வெங்காயம் கருகினால் அவளின் பொறுமை மாதிரி என்கிறார், அடுத்த வீட்டுப் பிள்ளை சைக்கிள் ஓடுவதைக் கண்டால் பேசாமல் யன்னலைச் சாத்திவிட்டு வந்து, என்ர பிள்ளையக் கொன்றது கிபிர் இல்லை, பெத்தவள்தான், என்கிறார். பெயரைச் சொல்வதில்லை, அவள், இவள், அந்தச் சனியன். அப்படிச் சொல்கிற ஒவ்வொரு நேரமும் அண்ணி பங்கர் வாசல்படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்று, நல்லா எண்ணினீரோ, என்று அவனைக் கேட்கிறாள், அவன் சோற்றைப் பிசைகிறான். வியாழனிலிருந்து, வேலையால் வந்து சோபாவில் சரிந்தால் கனவில் ஓடுபாதை வருகிறது, வெயில், வாரனும் அவனும் ஒரு தள்ளுவண்டியில் நீளமான ஒன்றைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள், மஞ்சள் வளையம் போட்டது, கவனம், கவனம், என்கிறார் வாரன், செட்டைக்குக் கீழே கொண்டுபோய் உயர்த்திக் கொழுவியை மாட்டி, அவன் தன் கராச்சுச் சாவியால் திருகி இறுக்குகிறான், ஒழுங்கான வேலைக்காரன், ஒரு சுற்றுக் கூட, அரைச் சுற்றுக் கூட, ஓட்டுகிறவன் மேலேயிருந்து குனிந்து, முடிஞ்சுதோ தம்பி, என்கிறான், குரல் அண்ணியின் குரல், முடிஞ்சுது, என்று இவன் கட்டைவிரலை உயர்த்துகிறான், விமானம் ஓடத் தொடங்கியபிறகுதான் அதன் கீழே தொங்குவது தர்சி என்று தெரிகிறது. அலறிக்கொண்டு எழும்புவான், அண்ணன் ஓடிவந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்து, என்னடா, அதுவோ, என்று கேட்டுத் தண்ணீர் பருக்குவார். அதுதான் அவனால் தாங்க முடியாதது, அந்தத் தண்ணீர்.

டேய், சோறு ஆறுது, என்று படியில் குரல், பிறகு கால், பிறகு அண்ணன் முழுதாக. பேஸ்மென்டுக்கு அவர் லேசில் இறங்குவதில்லை, இந்தச் சாமான்களைக் கண்ணில் காட்டாதே என்கிறவர், இன்றைக்கு நாலுதரம் கூப்பிட்டும் மறுமொழி இல்லாதபடியால் கையில் அகப்பையோடு இறங்கிவிட்டார். தம்பி நிலத்தில் கிடக்கிறதைக் கண்டதும் முகம் வெளிறி, விழுந்திட்டியோ, நெஞ்சு கிஞ்சு நோகுதோ, என்று குனிந்து தோளைப் பிடித்தார், அறுபத்துமூன்று வயது விரல்கள், உள்ளி மணக்கிறது. ஒண்டுமில்லை அண்ணை. அப்போதுதான் அவன் கையில் இருந்ததைக் கண்டார். இது கிபிர் எல்லோ, என்றார். ஓம். என்ன விசர் வேலையடா பாக்கிறாய், இதை ஏன் வீட்டுக்குள்ள வைச்சிருக்கிறாய், என்றவர், குரலை இறக்கி, பழக்கமான அந்த இடத்துக்கே போனார், நாலையும் போட்டிட்டுப் போயிட்டான், போனவன் திரும்பி வாறதுக்குள்ள ஏறிட்டாள் சனியன். அந்தச் சனியன் என்ற சொல் அவனுடைய காதுக்குள் போய் நின்றது. அவன் எழும்பி உட்கார்ந்தான். அண்ணை, எல்லாத்தையும் போடேல்லை, என்றான், ஆறு தொங்கினது, நாலுதான் போட்டவன், செட்டையில இருந்த இந்த ரெண்டும் குண்டு, நான் எண்ணெய்த் தாங்கி எண்டு சொன்னனான். ஆருக்குச் சொன்னனி, என்றார் அண்ணன், இன்னும் விளங்காமல். அண்ணிக்கு. நான்தான் ஏறச் சொன்னனான். பூரணத்தக்கா சொன்னது பொய். அண்ணி தானா ஏறேல்லை, நான் சொல்லித்தான் ஏறினவ.

அண்ணன் அகப்பையைப் பார்த்தார், அதிலிருந்து குழம்பு சொட்டியது, பிறகு அதை மேசையில் ஒழுங்காக வைத்தார், வைத்துவிட்டு அடித்தார். முதல் அடி காதோடு சேர்த்து விழுந்தது, அன்றைக்குக் கேட்ட அதே கூவல் காதுக்குள் கேட்டது, இரண்டாவது அடியில் மூக்கு உடைந்தது, மேசை விளிம்பில் தலை பட்டு அவன் சரிந்தான், கதிரை விழுந்தது, பெயின்ட் போத்தல்கள் உருண்டன, அண்ணன் அவனுடைய நெஞ்சில் முழங்காலை வைத்துக்கொண்டு அடித்தார், வாய், கன்னம், கண், எண்ணாமல் அடித்தார், அவன் கையை உயர்த்தவில்லை, வலிக்க வலிக்க உள்ளே ஏதோ இளகிக்கொண்டு வந்தது, இன்னும் அடிக்க வேண்டும் என்று இருந்தது. இருவத்தாறு வருசம், இருவத்தாறு வருசம், என்பதைத் தவிர வேறு சொல் அண்ணனுக்கு வரவில்லை. கிபிர் கையில் அகப்பட்டது, அதை எடுத்துச் சுவரில் அடித்தார், செட்டை முறிந்தது, மறுபடி அடித்தார், வயிறு பிளந்து நான்கும் தெறித்தன, மிதித்தார், அது நொறுங்குகிற சத்தம் எலும்பு நொறுங்குகிற சத்தமாகவே இருந்தது, மிதித்து மிதித்துக் களைத்து, மூச்சு வாங்க, கடைசிப் படியில் பொத்தென்று இருந்தார். இரத்தம் தொண்டைக்குள் இறங்கியது, அவன் மல்லாந்தபடியே கிடந்தான், மேலே இப்போது முகட்டைத் தவிர ஒன்றும் இல்லை.

அவள் கேட்டவளோ, என்றார் அண்ணன் படியில் இருந்தபடி. என்ன அண்ணை? ஏற முந்திக் கேட்டவளோ உன்னட்ட? அவன் வாய்க்குள் இருந்த இரத்தத்தை விழுங்கிவிட்டுச் சொன்னான், மூண்டு தரம் கேட்டவ. கடைசியாக் கேட்கேக்க செட்டையில ரெண்டு தொங்குதெண்டும் சொன்னவ, நல்லா எண்ணினீரோ எண்டு கேட்டவ, நான் சிரிச்சனான். பிள்ளை? பிள்ளைக்கு உதடு நீலமாப் போட்டுது, அப்பவும் அண்ணி படியில நிண்டு கேட்டிட்டுத்தான் ஏறினவ. அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார், ஒரு தரம், இரண்டு தரம், தம்பியை அடித்ததைவிடப் பலமாக, அழுகை அவருக்கு வாயால் வரவில்லை, வயிற்றிலிருந்து மாடு முக்குவது போல வந்தது, மூண்டு தரம் கேட்டிருக்கிறாள், என்றார், பிள்ளை மூச்சுக்கு இழுக்க இழுக்க நிண்டு மூண்டு தரம் கேட்டிருக்கிறாள், நான் என்னவெல்லாம் சொன்னனான் அவளை, என்ர வாய் அழுக. அவன் ஊர்ந்துபோய் அவருடைய காலைத் தொடக் கை நீட்டினான், அவர் காலை இழுத்துக்கொண்டார்.

கைப்பிடியைப் பிடித்து மெல்ல எழும்பினார். இடுப்பில் கட்டியிருந்த சாரத்தின் தலைப்பால் முகத்தைத் துடைத்தார், விரல் முட்டிகளில் தோல் உரிந்து இரத்தம், அது யாருடையது என்று பார்க்கவும் இல்லை. வாற மாசம் திவசம், என்றார் சுவரைப் பார்த்து, ஒவ்வொரு வருசமும் ஐயரிட்ட தர்சியின்ர பேர் மட்டும்தான் குடுத்தனான், அவளுக்கு ஒரு பிடி எள்ளுத் தண்ணி இறைக்கேல்லை, கோபத்தில, இருவத்தாறு வருசம் தண்ணியில்லாமல் விட்டிட்டன். இரண்டு படி ஏறினார், நின்றார். இந்த முறை ரெண்டு பேரின்ர பேரும் குடுக்க வேணும், முதல் அவளின்ர பேர், என்றார், பிறகு அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தார், இந்துமதி, நாக்கு அதை மறந்திருந்தது, மறுபடியும் சொன்னார், இந்துமதி. அவன் தரையில் கிடந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். நீ கோயிலுக்கு வரப்படாது, என்றார் அண்ணன் திரும்பிப் பாராமல். சரி அண்ணை, என்றான் அவன்.